டைரியில் கையெழுத்து இல்லாத பிள்ளைகள்

செஞ்சிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக 2014 செப்டம்பரில் சேர்ந்தேன். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணிதம் நடத்தினேன். கடைசியாக வாங்கிய சம்பளம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். மே மாதம் அதுவும் கிடையாது. அந்த மே மாதத்தில்தான் நோட்டீசுடன் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்க வேண்டும். அசல் சான்றிதழ்கள் பள்ளி பீரோவில் இருந்தன. 2013 ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிய பிறகு அவற்றைக் கேட்டு வாங்கவே இரண்டு மாதம் அலைந்தேன்.

அரசுப் பணியில் சம்பளம் நான்கு மடங்கானது. ஊரில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு மாறிப்போனது வேறொன்று.

சேர்ந்த முதல் வாரம் ஆறாம் வகுப்பில் பின்னங்கள் நடத்தினேன். பழைய பள்ளியில் இதே பாடத்தை மூன்று பாடவேளையில் முடித்துவிடுவேன். மறுநாள் நாற்பது நோட்டும் நிரம்பி வரும், டைரியில் அம்மாவின் கையெழுத்து இருக்கும். இங்கே முப்பத்திரண்டு நோட்டுகளில் நான்கில்தான் வீட்டுப்பாடம் இருந்தது. கோபத்தில் அத்தனை பேரையும் எழுப்பி நிற்க வைத்தேன். சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க யாருமில்லை என்று ஒரு சிறுமி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவளுடைய பெற்றோர் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். வீட்டில் பாட்டி மட்டும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு ஆண்டுகளாக நான் கற்பித்ததாக நம்பியதில் பாதியை அந்த அம்மாக்களும் டியூஷன் ஆசிரியர்களும் அல்லவா கற்பித்திருக்கிறார்கள்! அதன் பிறகு வீட்டுப்பாடம் என்பதையே நிறுத்தினேன். பயிற்சிக் கணக்குகளை வகுப்பிலேயே என் கண்முன் போடவைத்தேன். பின்னத்துக்குப் பழைய செய்தித்தாளை மடித்தோம், பெருக்கலுக்குப் புளியங்கொட்டைகளை அடுக்கினோம். பாடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்குப் புரிந்தால், அது என் வகுப்பில்தான் புரிந்தது என்று எனக்குத் தெரியும்.

பொங்கல் முடிந்ததும் ஏழெட்டுப் பிள்ளைகள் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். ஜூனில் திரும்பி வரும்போது பெருக்கலும் மறந்திருக்கும். மீண்டும் புளியங்கொட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தனியார் பள்ளியை நான் குறைத்துப் பேச மாட்டேன். பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழையக் கூடாது, நோட்டை அன்றன்றே திருத்திவிட வேண்டும் என்கிற பழக்கம் அங்கே வந்ததுதான். முதல்வர் வாசலில் வந்து நிற்பாரே என்ற பயத்தில் வந்த பழக்கம். இங்கே அப்படி யாரும் நிற்பதில்லை. நிற்காததால் தளர்ந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கிறது. மறுபக்கம், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் வருகையையும் புள்ளிவிவரங்களையும் ஏற்றியே முதல் பாடவேளை கரைகிற நாட்களும் உண்டு. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலை வேறு.

காலை உணவுத் திட்டம் வந்தபின் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு உட்காருகிறார்கள். அடுத்த அறையில் என் ஆறாம் வகுப்புக்கு அது இல்லை. பதினொரு மணிக்குச் சோர்ந்துவிடும் முகங்களுக்குக் கடினமான கணக்கை நான் கொடுப்பதில்லை.

என்னுடன் அதே தேர்வில் தேறி, பணி கிடைக்காத தோழி இன்னும் அந்த மெட்ரிக் பள்ளியில்தான் இருக்கிறாள். போன மே மாதம் நாங்கள் இருவரும் ஒரே தெருவில் பிள்ளை சேர்க்கப் போனோம். ஒரு வீட்டுத் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தோம். தேறியும் பணி கிடைக்காதவர்களின் பட்டியலைப் பற்றி ஏதாவது பேச்சு அடிபடுகிறதா என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஜூனில் பையன் அவள் பள்ளி வேனில் ஏறினான். அவன் அக்காவை என்னிடம் சேர்த்தார்கள்.