கொன்றார்கள் என்று சொல்லாத சொற்கள்

மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில், போர்ச் செய்தி ஒன்றில் வந்த 'டுக் அவுட்' ('டேக் அவுட்' என்பதன் இறந்தகால வடிவம்) என்பதை 'வெளியேற்றினர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு கட்டடத்துக்குள் இருந்த மூவரைப் படையினர் கொன்றார்கள் என்பதே மூலச் செய்தி. என் தமிழிலோ மூவரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். மெய்ப்புப் பார்த்த மூத்த ஆசிரியர் அந்தச் சொல்லின் கீழே கோடிட்டு, "இவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், தம்பி?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்ற அந்த நிமிடம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று முதல் போர்க்களக் கொலையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது 'நோ குவார்ட்டர்'. தங்குமிடம், கால் பங்கு என்று பல பொருள் தரும் 'குவார்ட்டர்' என்ற சொல், போரில் சரணடைந்தவனுக்கு அளிக்கும் உயிர்ப்பிச்சையைக் குறிக்கிறது. ஆகவே அது இல்லை என்று அறிவிப்பது, ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கி நிற்பவனையும் கொல்வோம் என்று அறிவிப்பதாகும். 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையுடன் இணைந்த விதிகளில் 23ஆவது பிரிவு இவ்வாறு அறிவிப்பதையே தடை செய்கிறது. 'டேக் நோ பிரிசனர்ஸ்' என்பதற்கும் ஏறக்குறைய இதே பொருள்தான். அதைக் 'கைதிகளைப் பிடிக்க மாட்டோம்' என்று பெயர்த்தால், பிடிக்காமல் விட்டுவிடுவார்கள் என்றே தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார்.

தமிழில் ஒத்த தொடர் கையருகே இருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். 'பைட் த டஸ்ட்' என்றதும் 'மண்ணைக் கவ்வினர்' என்று எழுதக் கை தானாகவே ஓடும். ஆனால் நம் மண்ணைக் கவ்வியவன் தோற்றவன். தேர்தலிலும் தோற்கலாம், மறுபடியும் நிற்கலாம். ஆங்கிலப் போர்க்களத்தில் புழுதியைக் கடித்தவனோ இறந்தவன்.

'கொலாட்டரல் டேமேஜ்' வேறு வகை. குறிவைக்கப்படாத பொதுமக்களின் சாவையும் இடிந்த சுவரையும் அது ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் கண்டிக்கத்தக்க சொல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் குழு, 1999ஆம் ஆண்டுக்கு இதன் ஜெர்மன் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. நம் 'உயிர்ச்சேதம்' என்ற சொல்லும் சேதத்தையே பேசுகிறது என்றாலும், அதில் உயிர் முன்னால் நிற்கிறது.

ஒன்றை நேராகச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கை, இலக்கண நூலான நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கும். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். இந்தப் போர்ச் சொற்களையும் மங்கலத்தில்தான் நெடுநாள் சேர்த்து வைத்திருந்தேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். மங்கலச் சொல் இழந்தவரின் மனம் நோகாமல் காக்கிறது. 'டேக் அவுட்' போன்றவை கொன்றவரின் கூட்டத்துக்குள் புழங்கும் குழூஉக்குறிகள்; கொன்றவரின் மனத்தையே அவை காக்கின்றன. நம் நடுகல்லில் 'பட்டான்' என்று ஒரே சொல்லில் சாவைப் பொறித்தவர்கள், பட்டவன் யார் என்பதையும் சேர்த்தே பொறித்தார்கள். இந்தத் தொடர்களில் ஆளே இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் 'கொன்றனர்' என்று மாற்றிவிடவும் முடியாது. அண்மையில் ஓர் இளைய சகா, படை அறிக்கை ஒன்றில் நான்கு பேரை 'நியூட்ரலைஸ்' செய்ததாக வந்ததைக் 'கொன்றது' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் கொன்றதையும் குறிக்கலாம், காயப்படுத்தியதையும் சிறைப்பிடித்ததையும் குறிக்கலாம். அறிக்கையை இருவரும் மறுபடி வரிவரியாகப் படித்தோம். விளக்கம் எங்கும் இல்லை. கடைசியில் இப்படி அச்சுக்குக் கொடுத்தோம்: 'நான்கு பேரைச் செயலிழக்கச் செய்ததாகப் படை கூறியது, அவர்கள் கொல்லப்பட்டார்களா, பிடிபட்டார்களா என்று அது சொல்லவில்லை.'