கீழ்த்தளத்து அறை

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் நம்ம லாட்ஜில் மூணாவது மாடி ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கிறது. கீழே காலி ஒரே அறை; கேட்பது மூன்று குடும்பம்.

மே 5
முதலில் வந்தவருக்கு முதலில் என்றால் வாதம் வராது. ஆனால் காட்பாடியில் யார் ரயில் முன்னால் வந்தது என்று பார்த்து, முட்டி ஆபரேஷன் ஆனவரை மாடி ஏற்றுவதா? கேட்க வேண்டியது மூன்றுதான்: படி ஏற முடியுமா, ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம், துணைக்கு எத்தனை பேர். என்ன நோய் என்று கேட்கவே கூடாது. வாடகை எல்லா மாடிக்கும் ஒன்றாக இருக்கட்டும். கீழறைக்கு நூறு ரூபாய் கூட்டினால், நல்ல கால் உள்ளவர் காசைக் கொடுத்து வாங்கிவிடுவார்.

மே 7
லாரித் தண்ணீர் வரவில்லை. அறைக்கு நாலு வாளி. மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவருக்கு ஆறு, யார் காதிலும் விழாமல்.

மே 9
மீன் தகராறு. கொல்கத்தாக்காரர்கள் கடுகெண்ணெயைப் புகைய விட்டுத்தான் மீனைப் போடுவார்கள். கீமோ ஏறிய நாளும் அடுத்த இரண்டு மூன்று நாளும் அந்த நெடி பக்கத்து அறைக்காரரைக் குமட்ட வைக்கும். 'மீன் சமைக்கக் கூடாது' என்று போர்டு மாட்டுவது சுலபம், ஆனால் அநியாயம். கொல்கத்தாவிலிருந்து வந்து மாதக்கணக்கில் காத்திருப்பவருக்கு ஒருவேளை வாய்க்கு ருசியாக இறங்குவது அதுதான். குமட்டுகிறவரை மாடிக்கு மாற்றுவது அதைவிட மோசம், அந்த வெக்கையில்! இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும், எதிரெதிரே நிறுத்தி அல்ல. குமட்டுகிறவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் வறுவல். மற்ற நாள் குழம்பு மட்டும். எண்ணெய் காயும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும், அடுப்பை அணைத்தபிறகும் இருபது நிமிஷம். குமட்டுகிறவருக்குச் சூடாக எதுவும் வேண்டாம், ஆவியோடு வாசனையும் ஏறும். ஆறின இட்லி, ஆறின கஞ்சி.

மே 10
கீழறை. இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள்.

மே 12
பங்களாதேஷ்காரர்கள் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை நாம் இணையத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டை நகலெடுத்து அப்போதே கையில் கொடுத்துவிடணும். 'எல்லா வெளிநாட்டுக்காரருக்கும் இதேதான்' என்று முதலிலேயே சொன்னால் அந்த முகத்தில் பயம் இருக்காது.

மே 14
ஒருவர் தவறிவிட்டார். மீதி வாடகை, அட்வான்ஸ் இரண்டையும் குடும்பத்தார் கேட்கும் முன் எண்ணித் தரவேண்டும். விமானத்தில் கொண்டுபோக உடலைப் பதப்படுத்தணும், அதற்குச் சான்று, பெட்டி, இறப்புச் சான்று, போலீஸ் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் அலைச்சல். கையில் ரொக்கம் வேண்டும். 'ஆபீஸ் திறந்ததும் வாங்கிக்கோங்க' என்று சொல்லக்கூடாது. அறையை இன்றைக்கே காலி செய்யச் சொல்லவும் கூடாது, வாசலில் யார் காத்திருந்தாலும்.