ஆற்றிலிருந்து அண்ணாந்து பார்த்த சிக்காகோ

சிக்காகோவின் கட்டடங்களைக் காண்பதற்குத் தெருவில் நடப்பதைவிட, நகரின் நடுவே ஓடும் ஆற்றில் படகேறி, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே செல்வதுதான் சிறந்தது என்பேன். முதலில் கண்ணைக் கவர்பவை மரினா சிட்டியின் இரட்டைக் கோபுரங்கள். நிமிர்த்தி வைத்த மக்காச்சோளக் கதிர்களைப் போன்ற அவற்றின் கீழ்ப்பகுதியில், சுற்றிச் சுற்றி மேலேறும் கார் நிறுத்துமிடமே 19 தளங்களுக்கு நீள்கிறது; விளிம்பில் மூக்கை நீட்டி நிற்கும் கார்கள், ஆற்றில் குதிக்கலாமா என்று யோசிப்பதுபோல் தோன்றும்.

டிரிபியூன் கோபுரத்தின் சுவரில் தாஜ்மகால், எகிப்தியப் பிரமிடு உட்படப் பல நாட்டுச் சின்னங்களின் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதால், அதைத் தொட்டபடி நடந்தாலே கண்டங்களைக் கடந்துவிடலாம்.

கரையேறியதும் மொனாட்நாக் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். 1891-இல் முடிந்த அதன் வடபகுதியில், 16 மாடி உயரச் செங்கல் வெளிச்சுவர்கள் தம் எடையைத் தாமே தாங்க வேண்டியிருந்ததால், அடியில் அவற்றின் தடிமன் ஏறத்தாழ 6 அடி! சன்னலோரம் நின்றால் கோட்டைக்குள் நிற்பதுபோல் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்ட வில்லிஸ் கோபுரம். டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரகுமான் கான், தனித்து நின்றால் காற்றில் வளையக்கூடிய ஒன்பது சதுரக் குழாய்களை, அதாவது குழாய் போன்ற ஒல்லியான கோபுரங்களை, ஒரே கட்டாக இணைத்து அதற்கு உறுதி தந்தார். அவற்றுள் ஏழு வெவ்வேறு உயரங்களில் நின்றுவிட, இரண்டு மட்டுமே உச்சிவரை செல்கின்றன. தொலைவிலிருந்து பார்த்து அந்த ஒன்பதையும் எண்ணிக் கண்டுபிடிப்பது நல்ல விளையாட்டு.