மாத்திரை என்று சொல்லாத செய்தி

எச்ஐவி சிகிச்சை மையத்தில் கவுன்சலராகச் சேர்ந்த புதிதில், செல்போன் வந்துவிட்டதால் என் வேலை பாதி குறைந்துவிடும் என்று நம்பினேன். மாத்திரை போடும் நேரத்துக்குத் தினமும் ஒரு எஸ்எம்எஸ், மருந்து வாங்க வரும் நாளுக்கு முந்தின நாள் இன்னொன்று. மறதிதானே பிரச்சினை, ஞாபகப்படுத்தினால் போதும் என்பது என் கணக்கு.

செய்தியில் எச்ஐவி என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டேன். "மாத்திரை நேரம்" என்று மட்டும் இருக்கும். மூன்றாவது வாரம் ஒரு அம்மா வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "போன் எங்க வீட்டுல எல்லாருக்கும் பொது மேடம். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு உனக்கு என்னம்மா மாத்திரைன்னு பையன் கேக்கிறான்." எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் இத்தனை வருடம் காத்த ரகசியத்தை நான் அனுப்பிய இரண்டு வார்த்தை உடைத்திருக்கும். அன்றைக்கே எல்லாருக்கும் அனுப்புவதை நிறுத்தினேன்.

அதற்கப்புறம் எண்ணைக் குறித்துக்கொள்ளும் முன் விசாரிக்கப் பழகினேன். போன் யார் கையில் இருக்கும்? எந்த நேரம் பேசலாம்? வேறு யாராவது எடுத்தால் நான் யார் என்று சொல்ல வேண்டும்? என் எண்ணை எந்தப் பெயரில் வைத்துக்கொள்வீர்கள்?

அந்தச் சமயத்தில்தான் கென்யாவில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தேன். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. 538 பேர் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை 'மாம்போ?' என்று ஒரு செய்தி போகும். சுவாஹிலியில் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்பது போல. 48 மணி நேரத்துக்குள் 'சாவா' என்றோ 'ஷிடா' என்றோ பதில் போட வேண்டும்: நலம், அல்லது சிக்கல். சிக்கல் என்றவர்களையும் பதிலே போடாதவர்களையும் மருத்துவப் பணியாளர் கூப்பிட்டுப் பேசுவார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டதாகச் சொன்னவர்கள், செய்தி போனவர்களில் 62 சதவீதம், செய்தி போகாதவர்களில் 50. ரத்தத்தில் வைரஸ் குறைந்து கட்டுக்குள் இருந்தவர்கள், செய்தி போனவர்களில் 57 சதவீதம், மற்றவர்களில் 48.

மருந்து, நோய் எதுவுமே அந்தச் செய்தியில் இல்லை. மகன் எடுத்துப் பார்த்தாலும் யாரோ தெரிந்தவர் நலம் விசாரித்தது போலத்தான் இருக்கும்.

இதை எந்திரத்திடம் விட்டுவிட்டால் போதுமா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. தென்னிந்தியாவில் 631 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், வாரம் ஒரு தானியங்கி குரல் அழைப்பும் ஒரு படச் செய்தியும் போயின. 2014இல் வந்த அதன் முடிவு, சிகிச்சை தோற்றுப்போவதை அவை குறைக்கவில்லை என்றது. மறுமுனையில் ஒரு ஆள் காத்திருக்கிறார் என்பதுதான் வித்தியாசம் என்று என் அனுபவத்தை வைத்து நான் நினைக்கிறேன்.

நாங்களும் வாரம் ஒரு 'நலமா?' என்று மாற்றினோம். தவறாமல் 'நலம்' என்று போடுகிற ஒருவர் ஒரு வாரம் பதில் போடவில்லை. கூப்பிட்டேன். மாத்திரையை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. "மறக்கலை மேடம். ராத்திரி ஷிஃப்ட் போட்டுட்டாங்க. அதைப் போட்டுட்டு வேலைக்குப் போனா தலை சுத்துது. யார்கிட்ட சொல்றது?" மறதி என்று நான் போட்டிருந்த கணக்கு அங்கேயே தப்பாகிவிட்டது. இவருக்கு ஆயிரம் தடவை ஞாபகப்படுத்தினாலும் பயன் இருந்திருக்காது. அடுத்த நாளே வரச் சொன்னேன். டாக்டர் பேசி, வேலை முடிந்து தூங்கப்போகும் நேரத்துக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எடுத்த வைரல் லோட் பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாகத் துணைவருக்குத் தொற்றாது என்று நான் சொன்னபோது, அதைத் திரும்ப ஒரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பையன் கேட்கிறான் என்று சொன்ன அந்த அம்மா இன்றுவரை எந்தச் செய்தியும் வேண்டாம் என்கிறார். சரி என்று விட்டுவிட்டோம். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவரே ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், நான் திருப்பிக் கூப்பிடுவேன்.