ஃபிலிமை அப்புறம் பார்க்கலாம்

முதுகு வலி என்று வருபவர்களில் பெரும்பாலானவர்கள் உட்காருவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. உறையைத்தான் நீட்டுவார்கள். "ரெண்டு ஜவ்வு விலகியிருக்காம் டாக்டர், நரம்பு நசுங்கியிருக்காம்." வலி எங்கே என்று நான் இன்னும் கேட்டிருக்கவே மாட்டேன். உறையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்பேன். காசு கொடுத்து எடுத்த படத்தை இந்த ஆள் பிரிக்கக்கூட மாட்டேன் என்கிறானே என்ற எரிச்சல் சிலர் முகத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

இந்தப் பழக்கம் நான் படித்து வந்ததல்ல, ஒரு பெரிய தப்பின் விளிம்புவரை போய்த் திரும்பியதால் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாற்பதைத் தாண்டிய ஒருவர் வலது பாதம் தொங்கிப்போய் வந்தார். விரல் தரையில் இடறாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைப்பார், ஒவ்வொரு அடிக்கும் பாதம் பட்டென்று தரையில் விழும். எம்.ஆர்.ஐ.யில் இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க், அதாவது ஜவ்வு, பிதுக்கம். அந்த இடத்தில் பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, முதுகுத்தண்டிலிருந்து காலுக்குக் கிளம்பும் எல்5 என்ற நரம்பு வேர். அது கெட்டால் பாதத்தைத் தூக்க வராது. காலும் படமும் அச்சு அசலாகப் பொருந்தியதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட. அறுவை சிகிச்சை என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த மூத்த மருத்துவர் படத்தைக் கேட்கவில்லை. நோயாளியின் பாதத்தைக் கையில் பிடித்து, "கீழே அழுத்தினபடியே உள்பக்கமா திருப்புங்க" என்றார். நல்ல பலத்தோடு திருப்பினார். அந்த அசைவைச் செய்யும் தசைக்கும் எல்5 வேரிலிருந்துதான் நரம்பு போகிறது, ஆனால் காலின் பின்பக்கமாக இறங்கும் டிபியல் நரம்பு வழியாக. வேரிலேயே பழுது என்றால் இதுவும் தளர்ந்திருக்க வேண்டும். பாதத்தை மேலே தூக்கும் தசைக்குப் போவது பெரோனியல் நரம்பு, முழங்காலின் வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு அடியிலேயே ஓடுவது. "முதுகு வலிக்குதா?" என்றார் அடுத்ததாக. இல்லையாம். நான் அதைக் கேட்கவே இல்லை!

கேட்கக் கேட்க மீதியும் வந்தது: சில மாதங்களில் ஏகப்பட்ட எடை குறைந்திருக்கிறது, வேலையோ மணிக்கணக்கில் கால்மேல் கால் போட்டு உட்காருவது. நரம்புக்கு மெத்தையாக இருந்த கொழுப்பு கரைந்த இடத்தில் மற்ற கால் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நரம்புக் கடத்தல் சோதனையிலும் தடை முழங்கால் பக்கத்தில்தான். கால்மேல் கால் போட்டு உட்காருவதை நிறுத்தி, பாதத்தைத் தாங்க ஒரு ஸ்பிளிண்ட், பிசியோதெரபி. சில மாதங்களில் பாதம் எழுந்துவிட்டது. நான் திறக்கச் சொல்லியிருந்தது முதுகை.

அந்தப் பிதுக்கம்? அது பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 1994இல் வெளியான ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது பிதுக்கம் இருந்தது. 'தேய்மானம்' என்று ரிப்போர்ட்டில் படித்த நாளிலிருந்து குனியவே பயந்து, குழந்தையைத் தூக்காமல், இடுப்பில் பெல்ட்டோடே வாழ்பவர்களைப் பார்க்கிறேன். அந்தச் சொல் செய்த சேதம் டிஸ்க் செய்ததைவிட அதிகம் என்றுதான் தோன்றுகிறது. நிஜமாகவே டிஸ்க் பிதுங்கி, இடுப்பிலிருந்து கால்வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது என்று வருபவர்களிலும் பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி அடங்கிவிடும், வெளியே வந்த துண்டை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு. ஆபரேஷன் வேண்டாம் என்று புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

காத்திருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் போல இறங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவது. அதைக் கண்டுபிடிக்கக் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் கூச்சமானவை. ஒன்றுக்கு வருவது தெரிகிறதா, கழுவும்போது கை படுவது தெரிகிறதா, இருக்கையில் உட்கார்ந்தால் படும் இடமெல்லாம் மரத்திருக்கிறதா? இப்போதெல்லாம் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிப்பார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

ஒரு பெரியவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க கேட்டப்புறம்தான் யோசிக்கிறேன்... நேத்துலேருந்து தெரியலை" என்றார். வலி மாத்திரையால் இருக்கும் என்று நினைத்தாராம், மகளிடம்கூடச் சொல்லவில்லை. மேசையில் கவிழ்ந்து கிடந்த உறையை அவசரமாகப் பிரித்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு எடுத்த படம். ஸ்கேன் அறைக்கு நானே போன் போட்டு வரிசையில் முதலாளாக அனுப்பினேன், அன்று இரவே அறுவை சிகிச்சை.