அரைநாள் கணக்கு

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தோம். திருச்சியிலிருந்து சின்னவள் காரில் ஒரே தூக்கம். பெரியவன் முழித்தே வந்தான். முகப்பில் இறங்கியதும் தூண்களை அண்ணாந்து பார்த்து, "இது ஸ்கூலாம்மா?" என்றான். போன தடவை வந்தபோது அவனுக்கு மூன்று வயது. இப்போது எட்டு.

அப்பச்சி, என் அப்பா, தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேரன் தலையைத் தடவிவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "லீவு லெட்டர் கொடுத்தாச்சாத்தா?"

கொடுத்தாச்சு என்றேன். என்ன பதில் வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 19, திங்கள்

மதியம் இரண்டரை. அங்கே, இங்கிலாந்தில், காலை ஒன்பது. இந்நேரம் பெரியவனின் பள்ளியில் பெயர் கூப்பிட்டிருப்பார்கள். அவன் பெயருக்கு நேரே 'ஜி' என்ற எழுத்து விழுந்திருக்கும். அனுமதி கொடுக்காத விடுமுறைப் பயணம் என்பதற்கு அந்த எழுத்து. காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு அரைநாள். பத்து அரைநாள் சேர்ந்தால் அபராதத்துக்காக உள்ளூர் கவுன்சிலுக்குப் போகும்.

தலைமை ஆசிரியையின் கடிதத்தை இன்றும் போனில் எடுத்துப் படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். உங்கள் குடும்பத்துக்கு இது முக்கியமான நிகழ்ச்சி என்பது புரிகிறது, ஆனால் விதிவிலக்கான சூழ்நிலையாகக் கருத முடியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. முன்பெல்லாம் பத்து நாள் வரை தலைமை ஆசிரியரே பார்த்துக் கொடுக்கலாமாம். 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு ஒரு நாள் கேட்டபோது உடனே கொடுத்தார். அப்பச்சியின் எண்பது நிறைவுச் சதாபிஷேகம் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அது தை மாதம் ரோகிணியில் வருகிறது. பள்ளி விடுமுறையைப் பார்த்து ரோகிணி வருமா?

ஜனவரி 20, செவ்வாய்

நான்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அபராதம் ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒருவருக்கு 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்ட வேண்டும். தாண்டினால் 160. சின்னவளுக்கு நாலு வயதுதான். ஐந்து முடிந்து அடுத்த டெர்ம் பிறக்கும்வரை சட்டம் அவளைக் கட்டாயப்படுத்தாது. ஆக எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. மூன்று வருஷத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் எடுத்த எடுப்பிலேயே 160. மூன்றாவது என்றால் கோர்ட் வரை போகும்.

பணத்துக்காகக் கவலைப்படவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்ததில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஊர் சுற்றப் போன பிள்ளை என்று எழுதிவைக்கிறார்களே, அதுதான்.

அங்கே இருக்கிற நம்மூர்த் தோழி ஒருத்தி வழி சொன்னாள். "தாத்தா சீரியஸ்னு ஒரு வரி எழுதிடு. யாரு வந்து பார்க்கப்போறா?" லீவு ஃபாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். எண்பது நிறைந்து, இன்றைக்கும் தன் வேட்டியைத் தானே துவைத்துக் கொடியில் போடுகிற மனுஷரை என் கையால் படுக்கையில் போட வேண்டுமா? எழுதினது பலித்துவிடும் என்று ஆத்தா சொல்லி வளர்ந்தவள் நான். உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

ஜனவரி 21, புதன்

அப்பச்சி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். ஸ்கேலும் பென்சிலும் வைத்துக் கட்டம் போட்டார். இரண்டு பெயர், மேலே தேதி. சரியாக ஒன்பதரைக்குத் திண்ணையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறார். "உள்ளேன் ஐயா" சொல்லிக் கொடுத்திருக்கிறார். பெரியவன் முதுகை நிமிர்த்தி நின்று சொல்கிறான். அவர் அவனுக்குத் தாத்தா என்பதால் ஐயாவா, வாத்தியார் என்பதால் ஐயாவா என்று அவனுக்குக் குழப்பம். சின்னவள் அவள் பெயருக்கும் சொல்கிறாள், அண்ணன் பெயருக்கும் சேர்த்துச் சொல்கிறாள்.

பிறகு ஏழாம் வாய்ப்பாடு. பிறகு முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை போய்த் தூண்களை எண்ணி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வருகிறது. தப்பு என்று சொல்லாமல் மறுபடி அனுப்புகிறார்.

ஜனவரி 22, வியாழன்

தங்கை போன் பண்ணினாள். மகளைக் கூட்டி வர முடியாதாம். பன்னிரண்டாம் வகுப்பு, ப்ரீ-போர்டு தேர்வு. "75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இருக்கு ஆச்சி, அது பிரச்சினை இல்ல. ஒரு பரீட்சையை விட்டா அவளே என்னைக் கொன்னுடுவா." அபராதம் போட ஆளில்லாத ஊரிலும் பிள்ளை வர முடியவில்லை. அவள் மட்டும் பல்லவன் ரயிலில் வருகிறாள்.

ஆத்தா இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேத்திக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப் பாவாடையைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஜனவரி 23, வெள்ளி

பத்து.

ஜனவரி 24, சனி

அப்பச்சியிடம் சொல்லிவிட்டேன். நோட்டை மடித்துக்கொண்டிருந்தார். அனுமதி கிடைக்கவில்லை அப்பச்சி, கிடைக்காமலேதான் கூட்டி வந்தேன் என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது தேவகோட்டையில் சித்தப்பா கல்யாணம். மூன்று நாள் கல்யாணத்துக்கு என்னை ஒரு நாள்கூட விடவில்லை, பள்ளிக்கூடம் விட்டபிறகு சாயங்காலம் கூட்டிப் போனார். தாலி கட்டினதை நான் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவருக்கும் இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் நினைத்ததில்லை.

"முப்பத்தி நாலு வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்தேன்" என்று ஆரம்பித்தார். "பிள்ளைக கதிர் அறுப்புக்கு நிக்கும். காவடிக்கு நிக்கும். தங்கச்சி பிறந்தா நிக்கும். எல்லா லெட்டர்லயும் காய்ச்சல்தான். அத்தனை பிள்ளைக்கும் ஒரே மாதிரி காய்ச்சல். உண்மையில காய்ச்சல் வந்த ஒருத்தனை நம்பாம அடிச்சிருக்கேன்." அந்தப் பையனின் பெயரைச் சொன்னார். அப்பா பெயர், தெரு, எல்லாம் சொன்னார். இத்தனை காலம் அவன் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

அப்புறம் கேட்டார்: "நீ என்ன எழுதுன?"

சதாபிஷேகம் என்றால் என்ன என்று விளக்கி எழுதினேன் என்றேன்.

"சரி" என்றார். "அபராதத்தைக் கட்டிரு."

அவ்வளவுதான். ஆனால் சாப்பிடும்போது தன் இலையிலிருந்த கந்தரப்பத்தை எடுத்து என் இலையில் வைத்தார். எனக்கு நாற்பது வயது.

ஜனவரி 25, ஞாயிறு

பிள்ளைகளின் அப்பா வந்துவிட்டார். அவருக்கு லீவு ஆறே நாள்தான். முகூர்த்தக்கால் நட்டாயிற்று. மூன்றாங்கட்டில் தேன்குழல் பிழிகிறார்கள், வீடு முழுக்க எண்ணெய் வாசம். தங்கையும் வந்தாயிற்று. பிள்ளைகள் ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு வழுக்கி விளையாடுகிறார்கள். ராத்திரி எல்லோரும் வளவில் பாய் விரித்துப் படுத்தோம்.

ஜனவரி 26, திங்கள்

மதுரை. ராத்திரி ஒன்று.

காலையில் அப்பச்சி காபி குடித்தார். ஆறேகாலுக்கு டம்ளர் கீழே விழுந்த சத்தம். எடுக்கக் குனிகிறார் என்று நினைத்தேன். வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தையாக வரவில்லை.

காரைக்குடியில் ஸ்கேன் எடுத்துவிட்டு இங்கே அனுப்பினார்கள். நாலரை மணி நேரத்துக்குள் சேர்ந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடலாம் என்றார்கள். குன்றக்குடி தாண்டி ரோட்டில் பழனிக்குப் போகிற கூட்டம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு அத்தனை பேரும் ஓரம் ஒதுங்கி நின்றார்கள். காவடியை இறக்காமலே ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்பது மணிக்குள் வந்துவிட்டோம். ஊசி போட்டாயிற்று.

இனிமேல் பார்க்கத்தான் வேண்டும் என்கிறார்கள்.

ஜனவரி 27, செவ்வாய்

நான் எழுதவில்லை. எழுதவே இல்லையே.

ஜனவரி 28, புதன்

இன்று ரோகிணி.

ஜனவரி 29, வியாழன்

காலை அசைகிறது. கையில் இன்னும் இல்லை. ஒரு வாய் கஞ்சியைக் கெட்டியாகக் குழைத்து ஸ்பூனில் கொடுக்கச் சொன்னார்கள். தண்ணீராகக் கொடுத்தால் புரை ஏறுமாம். விழுங்கிவிட்டு என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் அடுத்த ஸ்பூனை எடுக்கிறேன்.

நாளை மறுநாள் டிக்கெட். நான் போகப் போவதில்லை. பள்ளிக்கு எழுத வேண்டும். மூன்று தடவை ஆரம்பித்தேன். 'என் தந்தைக்கு உடல்நிலை மிகவும்...' என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. அனுமதி கேட்டுக் கிடைக்காமல் போனவள், பத்து நாள் கழித்து அப்பாவுக்குச் சீரியஸ் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? அப்பச்சியின் வகுப்பில் உண்மையாகவே காய்ச்சல் வந்த அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறான்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, அது போதும் என்று அவர் சொல்கிறார். சரியான யோசனைதான். பெயர், வயது 80, கீழே இங்கிலீஷில் நோயின் பெயர். எடுக்கக் கேமராவைத் திறந்தேன். அந்தக் காகிதத்தை ஒரு அனுமதிச் சீட்டாக நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

இருபது.

பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் போய்வந்தேன். ஒன்பதரைக்குப் பெரியவன் தானாகவே திண்ணையில் போய் நிற்கிறானாம், ஆத்தா சொன்னாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பச்சி ஞாயிறு என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பக்கத்தில் 26ஆம் தேதிக் கட்டத்தில், அதுவும் சிவப்பில், 'குடியரசு தினம்' என்று முந்தின நாள் ராத்திரியே எழுதி வைத்திருக்கிறார். 'ய'வின் வளைவு எப்போதும்போல அழுத்தமாக இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டங்களில் பெரியவன் பென்சிலால் டிக் போட்டிருக்கிறான். கீழே மூன்றாவதாக ஒரு வரி சேர்த்து, கோணல்மாணலாக 'ஐயா' என்று எழுதியிருக்கிறான். அந்த வரி மட்டும் காலியாக இருந்தது.

"அதுல என்ன போடணும்மா?"

ராத்திரி வந்து சொல்றேன் என்றேன். ராத்திரி நான் மதுரையில்.

ஜனவரி 31, சனி

அவர் மட்டும் கிளம்பினார். பெரியவனைக் கூட அனுப்பலாம் என்று நேற்றுவரை பேச்சு. பெட்டிகூடக் கட்டியாயிற்று. காலையில் அவன் தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். அழவில்லை, பேசவில்லை, விடவும் இல்லை. நான் போனில்தான் பார்த்தேன். விட்டுவிடுங்கள் என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். அப்பச்சி இன்று "தண்ணி" என்றார். தெளிவாக.

பிப்ரவரி 2, திங்கள்

அனுப்பிவிட்டேன். நாலே வரி. எப்போது திரும்புவேன் என்று தெரியாது என்பதையும் எழுதினேன். காகிதத்தை இணைக்கவில்லை, கேட்டால் தருகிறேன் என்று எழுதினேன். இப்போது மணி இரண்டே முக்கால். அங்கே பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். என்ன எழுத்து போட்டார்கள் என்று தெரியவில்லை.

பிசியோதெரபிக்காரர் அப்பச்சி கையில் பந்து கொடுத்திருக்கிறார். விரல் மடங்கவில்லை. பெரியவனை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். தலையை அசைத்தார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, கேட்பதற்குள் நர்ஸ் வந்து