அடைப்பு எடுக்க ஆசிட் எதற்கு?

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "சிங்கில் தண்ணீர் இறங்கவில்லை, என்ன ஊற்றலாம்?" உடனே ஒருவர் ஆசிட் என்பார், இன்னொருவர் காஸ்டிக் சோடா என்பார், மூன்றாமவர் பிளீச்சிங் பவுடரைச் சொல்வார். மூவர் பேச்சையும் கேட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுகிறவரை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் வரும் அடைப்புகளில் பெரும்பாலானவை ஒரு வாளியும், ரப்பர் கையுறையும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் கையாலேயே எடுக்கக்கூடியவை.

எதையும் தொடுவதற்கு முன்னால், அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி, மற்ற இடங்களில் ஒழுங்காகப் போகிறது என்றால், கோளாறு அந்த இடத்துக்கு மிக அருகில்தான் இருக்கும். அப்படியல்லாமல், சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் குளியலறைத் தரையில் குபுகுபுவென்று மேலே வருகிறது, அல்லது கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும்போது வேறெங்கோ காற்றுக்குமிழி சத்தம் கேட்கிறது என்றால், அடைப்பு பொதுக்குழாயிலோ, வெளியே குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட தொட்டியான சேம்பரிலோ இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வீட்டுக்குள் எதை ஊற்றினாலும் பயனில்லை. ஊற்றியது அப்படியே உள்ளே நின்று, பிறகு வேலைக்கு வருகிறவரின் கையில்தான் படும்.

சமையலறையில் குற்றவாளி பெரும்பாலும் எண்ணெய்தான். தோசைமாவின் வண்டல், சோற்றுக்கஞ்சி, காபித்தூள் ஆகியவை தனித்தனியாக இருந்தால் தண்ணீரோடு போய்விடக்கூடும். குழாயின் உட்சுவரில் எண்ணெய் படிந்துவிட்டால் இவை ஒவ்வொன்றும் அதில் ஒட்டிக்கொண்டு தடிக்கத் தொடங்குகின்றன. சிங்கின் அடியில், கசடு தங்கும் கிண்ணம் கொண்ட பாட்டில் டிராப் இருந்தால், கீழே வாளியை வைத்துவிட்டு, அதன் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகினாலே கழன்றுவிடும். முதலில் கறுத்த தண்ணீர் கொட்டும். பிறகு சாம்பல் நிறத்தில், தொட்டால் வழுக்கும் களிம்பு ஒன்று கிண்ணத்தோடு வரும். அதற்குள் ஒரு கறிவேப்பிலைக் காம்போ புளிக் கொட்டையோ நிச்சயம் கிடக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வாஷர் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி மாட்டினால் வேலை முடிந்தது. பாட்டில் டிராப் இல்லாமல் நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய் மட்டும் இருக்கும் வீடுகளே அதிகம். அந்த நெளிவுகளுக்குள் படிந்த கொழுப்பைக் கரைக்கப் போராடுவதைவிட, மலிவாகவே கிடைக்கும் அந்தக் குழாயைப் புதிதாக மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

குளியலறையில் அடைப்பது தலைமுடியும் சோப்பும். உப்புத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணற்று வீடுகளில் இது இன்னும் மோசம். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகி, முடியை அப்படியே கெட்டிப்படுத்திவிடுகின்றன. தரைத்துளையை மூடியிருக்கும் ஜாலியைத் தூக்கினால், உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும் நஹானி டிராப்பின் கிண்ணம் தெரியும். அதை எடுத்து முடியை அகற்றினாலே தண்ணீர் சர்ரென்று இறங்கும். எடுத்த கிண்ணத்தைத் திரும்ப வைக்க மறக்கக் கூடாது. தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு கரப்பான் பூச்சியும் நாற்றமும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. டிராப்பில் எப்போதும் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. யாரும் பயன்படுத்தாத குளியலறையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும் என்பதால், அவ்வப்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டும்.

இன்னும் உள்ளே இருக்கும் அடைப்புக்கு ரப்பர் பம்பு, அதற்கும் அசையாவிட்டால், குழாய்க்குள் விட்டுச் சுழற்றும் நீளமான கம்பிச் சுருளான ஸ்பிரிங். பம்பு அடிக்கும்போது ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். இரட்டைச் சிங்க் என்றால் மற்றொரு துளையை ஈரத்துணியால் இறுக்கி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியே போய்விடும். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றும் வித்தை கண்ணுக்கு நன்றாக நுரைக்கிறது. முடியையோ கெட்டிப்பட்ட கொழுப்பையோ அது ஒன்றும் செய்வதில்லை. கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், பி.வி.சி. குழாய் அந்தச் சூட்டில் இளகி, இணைப்புகள் விட்டுப்போகும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றுவது புதிய எண்ணெய்ப் படிவுக்கு உதவும்.

இனி ரசாயனம். காஸ்டிக் சோடா கொழுப்பையும் முடியையும் கரைக்கும் என்பது உண்மை. தண்ணீரில் விழுந்தவுடன் அது கடுமையான வெப்பத்தை வெளிவிடும் என்பதும், தோலையும் கண்ணையும் அதே போலக் கரைக்கும் என்பதும் உண்மை. வேறு வழியின்றிப் பயன்படுத்துவதானால், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கலக்கவே கூடாது, ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கழிப்பறை ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சந்தித்தால் வருவது குளோரின். மூடிய குளியலறையில் சில மூச்சுகளே நுரையீரலைப் புண்ணாக்கப் போதும். காலையில் ஒன்றை ஊற்றி, பலனில்லை என்று மாலையில் மற்றொன்றை ஊற்றினாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் அடைத்த குழாயில் முதலில் ஊற்றியது எங்கும் போயிருக்காது. ரசாயனம் ஊற்றிய இடத்தில் பம்பும் அடிக்கக் கூடாது. பிளம்பரை அழைத்தால், என்ன ஊற்றினோம் என்பதை அவர் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிச்சத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேம்பரும் செப்டிக் டேங்கும் வேறு கதை. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை, அவரைத் தூக்கப் போகிறவரும் கூடவே விழுகிறார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறையே இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும், "ஓர் ஆள் இறங்கினால் பத்து நிமிட வேலை சார்" என்று சொல்லும் ஒப்பந்ததாரர்கள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டு வாங்கிய தீர்மானம் ஒன்றுதான்: உறிஞ்சும் லாரி வராமல் டேங்க்கின் மூடி திறக்கப்படாது, லாரிக்காரர் ஆளை இறக்க வேண்டும் என்றால் அந்த வேலை அவருக்கு இல்லை. செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண் இருக்கிறது. அதை எழுதி, காவலாளி அறையில் தண்ணீர் லாரிக்காரரின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.